பட்டன் கைப்பேசிக்கும் ஓர் இடம் வேண்டும்

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில், வெடிமருந்தைக் கையாளும் பகுதிக்குள் தீப்பெட்டி, லைட்டர் ஆகியவற்றைப் போலவே கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. வேலைக்குச் செல்லும் தொழிலாளி அதை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தரும் விருதுநகர் மாவட்டத்தில், பல்லாயிரக்கணக்கானோர் பகல் பொழுதைக் கைப்பேசி இல்லாமலேயே கழிக்கிறார்கள். அதை அவர்கள் விரதம் என்றோ துறவு என்றோ சொல்லிக்கொள்வதில்லை. அது வேலையின் விதி, அவ்வளவே.

இன்னொரு புறம், வசதி படைத்தவர்களிடையே வேறொரு போக்கு வளர்ந்துவருகிறது. விலை உயர்ந்த திறன்பேசியை ஒதுக்கிவிட்டு, பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் ஒரு பட்டன் கைப்பேசி, பாட்டுக் கேட்க அதற்கெனத் தனியாக ஒரு கருவி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நோக்கியா 3310 என்ற பழைய கைப்பேசி 2017இல் புது வடிவில் மீண்டும் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில், இணையமே தேவைப்படாமல் பழைய திரைப்பாடல்களை ஒலிக்கும் ‘கேரவான்’ பெட்டியைச் சரிகம நிறுவனம் அறிமுகம் செய்தது. தமிழ்ப் பாடல்களுக்கென்றே ஒரு பெட்டியும் பின்னர் வந்தது. 2001இல் பிறந்த ஐபாட் கருவியின் உற்பத்தியை ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதம் நிறுத்திக்கொண்டது. ஆயினும் பழைய ஐபாட்களைத் தேடி வாங்கிப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இதை ஏக்கம், நாகரிகப் போக்கு, முதியோரின் பிடிவாதம் என்றெல்லாம் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதற்குள் ஒரு பொருளியல் கேள்வியும் ஓர் உரிமைக் கேள்வியும் இருக்கின்றன. திறன்பேசி வேண்டாம் என்று சொல்ல இன்று யாரால் முடியும்? அப்படிச் சொல்பவருக்கு ஊதியமும் ஓய்வூதியமும் மருத்துவமும் முன்போலவே கிடைக்குமா?

கட்டும் அவிழ்ப்பும்

பல பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி விற்பது பொருளியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் வணிக உத்தி. திரைப்பட நிறுவனங்கள் நல்ல படத்தோடு சுமாரான படத்தையும் சேர்த்தே திரையரங்குகளுக்குக் கொடுத்துவந்த வழக்கத்தை 1963இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஆராய்ந்தார். ஆடம்ஸ், யெல்லன் ஆகிய இருவரும் 1976இல் அக்கருத்தை விரித்தெழுதினர். வாடிக்கையாளர்களின் விருப்பங்கள் வேறுவேறாக இருக்கும்போது, தனித்தனியாக விற்பதைவிடக் கட்டாக விற்பதே விற்பவருக்கு அதிக ஆதாயம் தரக்கூடும் என்பது அந்த ஆய்வுகளின் சாரம்.

திறன்பேசியைவிடப் பெரிய கட்டு மனித வரலாற்றில் வந்ததில்லை. தொலைபேசி, கடிகாரம், வானொலி, நிழற்படக் கருவி, டார்ச் விளக்கு, நாட்காட்டி, வரைபடம், வங்கி, செய்தித்தாள், திரையரங்கு, சூதாட்ட மேசை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. இக்கட்டினால் மக்களுக்குக் கிடைத்த நன்மையை மறுப்பதற்கில்லை. தனித்தனியே வாங்கினால் பல்லாயிரம் ரூபாய் ஆகக்கூடியவை ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் கட்டில் உள்ள ஒன்றை எடுக்கப்போகும்போது மற்றவையும் கையோடு வருகின்றன. மணி பார்க்க எடுத்த கருவி அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது.

தகவல் பெருகினால் கவனம் பற்றாக்குறையாகும் என்று ஹெர்பர்ட் சைமன் 1971லேயே எச்சரித்தார். அப்போது அது ஒரு கருத்து மட்டுமே. இன்று கவனத்தைக் கொள்முதல் செய்து விளம்பரதாரருக்கு விற்பதே உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் தொழில். கட்டில் இலவசமாகத் தோன்றும் ஒவ்வொரு பண்டத்துக்கும் நாம் கவனத்தால் விலை கொடுக்கிறோம்.

மனிதருக்குள் திட்டமிடுபவர் ஒருவர், செயல்படுபவர் ஒருவர் என இருவர் இருப்பதாகக் கொண்டு, 1981இல் ரிச்சர்ட் தேலரும் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். இரவு பத்து மணிக்கு உறங்க வேண்டும் என்று முதலாமவர் முடிவு செய்கிறார். இரண்டாமவர் நள்ளிரவு வரை காணொளி பார்க்கிறார். இரண்டாமவரை அடக்க முதலாமவர் முன்கூட்டியே சில வேலிகளைப் போட்டுக்கொள்வது அறிவுடைமை. இதைப் புரிந்துகொள்ள நம் மக்களுக்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் தேவையில்லை. மாதந்தோறும் சிறு தொகை கட்டித் தீபாவளிக்குப் பட்டாசும் இனிப்பும் பெறும் தீபாவளிச் சீட்டு இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று தெரிந்தவர்கள் பணத்தைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்கள். பட்டன் கைப்பேசியும் தனிப் பாட்டுப்பெட்டியும் கவனத்துக்கான தீபாவளிச் சீட்டு எனலாம்.

இதற்குச் சான்றும் உண்டு. 2025 பிப்ரவரியில் வெளியான ஓர் ஆய்வில், 467 பேரின் திறன்பேசிகளில் இரண்டு வாரங்களுக்கு இணையத்தை மட்டும் முடக்கினார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழக்கம்போல் இயங்கின. அதாவது, திறன்பேசி பட்டன் கைப்பேசியாக மாற்றப்பட்டது. பங்கேற்றோரின் மனநலமும், ஒன்றில் தொடர்ந்து கருத்தூன்றும் திறனும், வாழ்க்கை பற்றிய நிறைவுணர்வும் சராசரியாக மேம்பட்டன. அதே வேளையில், பலரால் இரண்டு வாரமும் முழுமையாகத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கட்டை அவிழ்ப்பது நல்லது. ஆனால் தனிமனித மனவுறுதியை மட்டும் நம்பி அதைச் செய்துவிட முடியாது. இரண்டு பாடங்களும் சேர்ந்ததே அந்த ஆய்வு.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள வேறுபாடு

கவனத்துக்கு விலை குறிப்பது எப்படி என்று பொருளியலாளர்கள் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் அந்த விலை வெளிப்படையானது. இங்குப் பெரும்பாலான வேலைகளுக்கு உருப்படிக் கணக்கில் கூலி. காகிதக் குழாய் உருட்டுதல், பெட்டிகளில் அடுக்குதல், நாட்காட்டித் தாள்களுக்குத் தகரப் பட்டை பொருத்துதல், நோட்டுப் புத்தகம் தைத்தல் என எதுவாயினும், முடித்த எண்ணிக்கைக்குத்தான் காசு. வாரக் கடைசியில் கணக்குப் பார்த்துச் சம்பளம்.

இத்தகைய வேலையில் கைகளும் கண்களும் ஈடுபட்டிருக்கும். காது மட்டும் ஓய்வாக இருக்கும். வானொலி உழைக்கும் வீடுகளில் வேரூன்றியதற்கு இதுவே காரணம். மதுரை, திருநெல்வேலி வானொலி நிலையங்களும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் தென்மாவட்டங்களில் வீட்டு உறுப்பினர்களைப் போலப் பழகின. பின்னர் டேப் ரெக்கார்டர் வந்தது. பிடித்த பாடல்களைப் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கேசட்டில் பதிவு செய்து வாங்கினோம். அதன்பின் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் வந்தன. இவை எல்லாமே காதுக்கான கருவிகள். பாட்டு ஓட ஓட, குழாய் உருட்டும் கையும் ஓடும்.

திறன்பேசி கேட்பது கண்ணை. கண் திரும்பினால் கை நிற்கும். கை நின்றால் கூலி குறையும். மாதச் சம்பளக்காரர் அலுவலக நேரத்தில் பத்து நிமிடம் காணொளி பார்த்தால் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. வீட்டில் அமர்ந்து உருப்படிக் கணக்கில் வேலை செய்யும் பெண் அதே பத்து நிமிடத்துக்கு உடனடியாக விலை கொடுக்கிறார். ஆகவே, பாட்டுக்குத் தனிக் கருவி என்பது நகரத்து இளைஞருக்கு ஒரு ரசனை. உருப்படிக் கூலிக்கு உழைப்பவருக்கு அது வருமானத்தைக் காக்கும் ஏற்பாடு.

பாட்டுப்பெட்டியில் இன்னொரு பொருளியல் நுட்பமும் உண்டு. கருவியில் சேமித்த பாடல் நம் கையிருப்பு. ஒரு முறை வாங்கினால் போதும். மாதாந்திரக் கட்டணம் இல்லை, இணையமும் வேண்டாம், இடையிடையே விளம்பரமும் இல்லை. இணையம் வழியே வரும் பாடல் வாடகை வீட்டைப் போன்றது. கட்டணம் நின்ற நாளில் நூலகமே காலியாகிவிடும்.

நான்கு பேர் அறை

சிவகாசியின் நூற்றாண்டுத் தொழில் வரலாறே தனித்தனிப் பொருள்களின் வரலாறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நாள்முதல், இந்த ஊர் ஒரு வேலைக்கு ஒரு பொருள் என்ற கணக்கிலேயே உற்பத்தி செய்துவந்திருக்கிறது. தீக்குச்சி தீ மூட்ட, நாட்குறிப்பு எழுத, அழைப்பிதழ் அழைக்க. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் மரபு. நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் அச்சிட்ட அந்தத் தினசரித் தாள், கிழித்த பின்னர் வேறு எதையும் நம்மிடம் கேட்பதில்லை. திறன்பேசி என்ற கட்டு, நாட்குறிப்பையும் அழைப்பிதழையும் நாட்காட்டியையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும்போது, அதன் பாதிப்பு நேரடியாக இந்த ஊரின் அச்சு இயந்திரங்களில் தெரிகிறது.

பட்டாசுத் தொழில் மற்றொரு பாடத்தையும் கற்றுத் தந்திருக்கிறது; பெரும் விலை கொடுத்துப் பெற்ற பாடம். பட்டாசு தயாரிக்கும் அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே குறித்த இடைவெளி வேண்டும். ஓர் அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. ஓர் அறையில் தீப்பிடித்தால் அது அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதே நோக்கம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களையும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்ட உயிர்களையும் இழந்தோம். இத்தகைய விபத்துகள் குறித்த விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மூன்று: அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை. பிரித்து வைக்க வேண்டியதை ஒன்றாகக் குவித்ததால் வந்த சாவுகள் அவை.

உயிரிழப்பையும் கைப்பேசியையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமன்று. ஆனால் பிரித்து வைப்பதே பாதுகாப்பு என்ற கொள்கை இரண்டுக்கும் பொது. ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கு, ஆதார், பிள்ளையின் பாடம், தாயின் மருத்துவக் குறிப்பு, உடனடிக் கடன் தரும் செயலி, பணம் கட்டி ஆடும் விளையாட்டு அனைத்தும் இன்று ஒரே கருவியில் குவிந்திருக்கின்றன. ஒரு தவறான இணைப்பைத் தொட்டால் அத்தனைக்கும் தீப்பிடிக்கிறது. அரசுகளும் இதை உணர்ந்தே இருக்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை அனுமதிக்கக் கூடாது என்று 2025இல் தமிழகம் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் போடும் வேலியைவிட எளிதான வேலி ஒன்று உண்டு: வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணைப் பட்டன் கைப்பேசியில் வைத்துக்கொள்வது. அந்தக் கருவியில் எந்தச் செயலியையும் ஏமாற்றி நிறுவ முடியாது. அழைத்து மிரட்டுபவரிடமிருந்து அது காப்பாற்றாது என்பதும் உண்மைதான். ஆயினும் ஓர் அறைக் கதவாவது மூடப்படுகிறது.

448 ரூபாயின் கணக்கு

பட்டன் கைப்பேசி அருகிவரும் பழம்பொருள் என்று பலரும் கருதுகிறார்கள். நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மதிப்பீடு. இவர்களுக்கு இணையம் தேவையில்லை. ஆனாலும் நெடுங்காலம் இணையத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. கட்டாக விற்கும் உத்தியின் பச்சையான வடிவம் அது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் 23 அன்று டிராய் விதி வகுத்தது. பாராட்டத்தக்க முடிவு.

நிறைவேறிய விதத்தைப் பார்ப்போம். 2025 ஜனவரியில் ஜியோ நிறுவனம் முதலில் அறிவித்த விலையைக் குறைத்து, 84 நாள்களுக்கு 448 ரூபாய், 336 நாள்களுக்கு 1,748 ரூபாய் என இரு திட்டங்களை வைத்தது. ஏர்டெல் திட்டங்களும் ஏறத்தாழ இதே கால அளவுகளில் அமைந்தன. 448 ரூபாயை 84 நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 5 ரூபாய் 33 காசு. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப்பின் அதே நிறுவனத்தின் 28 நாள் குறைந்தபட்சத் திட்டம் 189 ரூபாய். நாளொன்றுக்கு 6 ரூபாய் 75 காசு. ஒரு நாளைக்கு ஒன்றே கால் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைப் பெற 448 ரூபாயை ஒரே தவணையில் எடுத்து வைக்க வேண்டும்.

வாரச் சம்பளக்காரர் வீட்டில் அதுதான் முடியாது. சனிக்கிழமை வரும் கூலி மளிகைக்கும் வட்டிக்கும் போக மிஞ்சுவதில் 189 ரூபாய் ஒதுக்கலாம். 448 ரூபாய் ஒதுக்குவது கடினம். மொத்தமாக வாங்க முடியாததால் சில்லறையாக வாங்கி அதிக விலை கொடுப்பது ஏழ்மையின் பழைய தண்டனை. அரிசியில், எண்ணெயில் கண்ட அதே கதை இப்போது பேச்சிலும் தொடர்கிறது. பேச்சு மட்டுமான திட்டம் 28 நாள்களுக்கும் கிடைத்தால்தான் விதியின் பயன் உரியவரைச் சேரும்.

மலிவான மாற்றுகளும் இல்லாமலில்லை. 2023 ஜூலையில் வந்த ஜியோபாரத் கைப்பேசியின் விலை 999 ரூபாய். அதற்கெனக் குறைந்த கட்டணத் திட்டமும் உண்டு. பாட்டுக் கேட்கலாம், பணமும் செலுத்தலாம். ஆனால் அது ஒரே நிறுவனத்தின் சிம் அட்டையோடு பிணைந்தது. ஒரு கட்டை அவிழ்க்க வந்தவரை இன்னொரு கட்டுக்குள் அழைக்கும் வணிகம் இது.

அரசின் கதவுகள்

சந்தையைவிட முக்கியமானது அரசின் போக்கு. 2025 தொடக்கத்தில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் 85.5 விழுக்காட்டுக் குடும்பங்களில் குறைந்தது ஒரு திறன்பேசி இருக்கிறது. இந்த எண்ணைக் காட்டி, எல்லோரிடமும் திறன்பேசி இருப்பதாகத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. குடும்பத்தில் ஒன்று இருப்பதும் ஒவ்வொருவர் கையிலும் இருப்பதும் ஒன்றல்ல. நான் ஓராண்டுக்கும் மேலாகப் பட்டன் கைப்பேசியும் தனிப் பாட்டுப்பெட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் என் மனைவியிடம் திறன்பேசி இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் செயலி வழியாக மட்டுமே முன்பதிவு என்றபோது அதுதான் கைகொடுத்தது. கணக்கெடுப்பில் எங்கள் குடும்பம் திறன்பேசி உள்ள குடும்பம். என்னுடைய விலகல், இன்னொருவரின் இருப்பைச் சார்ந்து நிற்கும் விலகல். அப்படிச் சார்ந்துகொள்ள யாரும் இல்லாத, தனித்து வாழும் முதியவரின் நிலை என்ன?

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், எல்லாப் பணித்தளங்களிலும் செயலி வழியே, நாளுக்கு இருமுறை நிழற்படம் எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. போலி வருகையைத் தடுப்பது நியாயமான நோக்கம். ஆனால் இணைப்புக் கிடைக்காத இடங்களில் வேலை செய்தவரின் வருகை பதிவாகாமல் ஊதியம் பாதிக்கப்படுவதாகத் தொழிலாளர் அமைப்புகள் போராடின. 2025 டிசம்பரில் அத்திட்டத்தின் பெயரும் சட்டமும் மாறிவிட்டன. கருவி பழுதானால் உழைப்பு செல்லாததாகிவிடுமா என்ற கேள்வி மாறவில்லை.

இதற்கு எதிரான நல்ல எடுத்துக்காட்டுகளும் தமிழகத்திலேயே உள்ளன. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு எந்தச் செயலியும் வேண்டாம். ஏறி அமர்ந்தால் நடத்துநர் சீட்டுக் கொடுக்கிறார். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம்களில் தாளில் எழுதி விண்ணப்பித்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிர் பயனடைந்தார்கள். நியாய விலைக் கடையில் பொருள் வாங்கியதும் அட்டையோடு பதிந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. பட்டன் கைப்பேசிக்கும் அது எட்டும். தொழில்நுட்பம் பின்னணியில் உழைக்கிறது. குடிமகள் திறன்பேசி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல நிர்வாகத்தின் இலக்கணம் இதுவே.

பணப் பரிமாற்றத்திலும் வழி உண்டு. பட்டன் கைப்பேசியிலிருந்தே பணம் அனுப்பும் ‘யுபிஐ 123பே’ வசதியை 2022 மார்ச் 8 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. 2024 அக்டோபரில் அதன் உச்சவரம்பை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தவும் முடிவு செய்தது. வசதி இருக்கிறது, அதைக் கற்றுத் தருவோர் இல்லை. கடைவீதியெங்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பட்டன் கைப்பேசியில் பணம் செலுத்துவது எப்படி என்று விளக்கும் அட்டையை நான் எங்கும் கண்டதில்லை.

தேர்வா, தடையா?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திறன்பேசி ஏழைகளுக்கும் பெண்களுக்கும் திறந்துவிட்ட கதவுகளை மூடச் சொல்வதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21 காலத்தில் இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்தோர் 54 விழுக்காடு. எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ‘பொம்பளப் புள்ளைக்கு எதற்குப் பெரிய போன்’ என்ற குரல் இன்னும் நம் வீடுகளில் கேட்கிறது. அந்தக் குரலுக்கு இக்கட்டுரை துணைபோகக் கூடாது. தந்தையோ கணவரோ கையில் திணிக்கும் பட்டன் கைப்பேசி, கட்டுப்பாட்டின் கருவி. தானே விரும்பி எடுத்துக்கொண்டால் அதே கருவி விடுதலையின் கருவி. கருவி ஒன்றுதான்; தேர்ந்தெடுத்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

கைப்பேசியின் பொருளியல் நன்மைகளில் பெரும் பகுதி பேச்சிலிருந்தே வந்தது என்பதையும் மறக்கலாகாது. 1997க்கும் 2001க்கும் இடையில் கேரளக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்ததன் விளைவை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். கடலிலிருந்தே விலை விசாரித்து, தேவையுள்ள துறைக்குப் படகைத் திருப்பிய மீனவர்களின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. மத்தி மீனின் விலை நுகர்வோருக்கு 4 விழுக்காடு குறைந்தது. விற்காமல் வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. அவர்கள் கையில் இருந்தது திரைப்படம் காட்டாத, பாட்டுப் பாடாத, பேச மட்டுமே தெரிந்த கைப்பேசி.

திறன்பேசியின் பயன்களைக் கணக்கிடும்போது, பேச்சால் வந்த பயனையும் அதன் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால், ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு இன்றியமையாதது எது, இருந்தால் நல்லது எது, விற்பவருக்கு மட்டுமே நல்லது எது என்பது தெளிவாகும்.

பிள்ளைகளின் நிலை தனி. 2020இல் பள்ளிகள் மூடியபோது, பாடத்துக்காகவே பல வீடுகளுக்குள் திறன்பேசி முதன்முதலாக நுழைந்தது. பள்ளிகள் திறந்த பின்னரும் அது வெளியேறவில்லை. இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. பாடம் பார்க்க எடுத்த கருவியில் பாடம் முடிந்தபின் என்ன ஓடுகிறது என்று கண்காணிக்க ஆலைக்குச் சென்ற தாயால் முடியாது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை விதித்துவிட்டது. நம்மால் உடனே செய்யக்கூடிய எளிய செயல் ஒன்று உண்டு: வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்வது. நாட்குறிப்பு அச்சிடும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, அரசு சேவை எதுவாயினும், திறன்பேசிச் செயலி அதன் ஒரே வாயிலாக இருக்கக் கூடாது. நேரில் ஒரு சாளரம், குறுஞ்செய்தி, குரல்வழி அழைப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் இணையாகத் திறந்திருப்பதைச் சட்டத்தின் மூலம் உறுதிசெய்ய வேண்டும். அரசு உதவி பெறும் நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வங்கிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

இரண்டாவதாக, பேச்சு மட்டுமான கட்டணத் திட்டம் 28 நாள் அளவிலும் கிடைக்க டிராய் வழிசெய்ய வேண்டும். நாளொன்றுக்கான விலை, நீண்ட காலத் திட்டத்தின் விலையைவிடக் கூடுதலாகக் கூடாது.

மூன்றாவதாக, மின்னணுப் பணப் பரிமாற்றங்களுக்கான புதிய அடையாளச் சரிபார்ப்பு விதிகளை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்த ரிசர்வ் வங்கி முடிவுசெய்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அவ்விதிகள் விலக்கவில்லை. வேறு முறைகளுக்கும் இடம் தருகின்றன. பாதுகாப்பின் பெயரால் வங்கிகள் அனைவரையும் செயலிக்குள் தள்ளிவிடாதபடி, பட்டன் கைப்பேசிக்காரருக்கும் உரிய வழி காக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, உள்ளூர் அளவில் ஒரு பணி. ‘யுபிஐ 123பே’ போன்ற வசதிகளைக் கற்றுத்தர, சம்பள நாளில் ஆலை வாயில்களிலும் நியாய விலைக் கடைகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் பயிற்சி தரலாம். முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என 2018இல் மத்திய அரசு அறிவித்த பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். எத்தனை பேரிடம் திறன்பேசி இருக்கிறது என்பதை முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்ளாமல், திறன்பேசி இல்லாதவருக்கு எத்தனை சேவை தடையின்றிக் கிடைக்கிறது என்று அளந்து பார்க்கும் முதல் மாவட்டமாக விருதுநகர் இருக்கட்டும்.

நாளை எல்லோரும் திறன்பேசியைத் தூக்கி எறிந்துவிடப் போவதில்லை; எறிய வேண்டியதும் இல்லை. விரும்புவோர் அதை வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்பவருக்கும், வாங்க இயலாதவருக்கும் வாழ்க்கையின் கதவுகள் அடைபடக் கூடாது என்பதே கோரிக்கை. ஒரு பொருளை வேண்டாம் என்று மறுக்கும்போது உணவும் ஊதியமும் மருத்துவமும் சேர்ந்தே பறிபோகும் என்றால், அந்தப் பொருளுக்கு இருப்பது சந்தை அன்று, கட்டாயம். கட்டாயத்தை வளர்ச்சி என்று அழைக்கப் பொருளியலில் இடமில்லை.